யார் வீட்டுப் பிள்ளை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். என் தங்கை குடும்பத்துடன் சிங்கப்பூரில் நிரந்தரவாசி. அவள் மகனுக்கு அடுத்த ஆண்டு 18 வயது. அங்கே 2 ஆண்டு தேசிய சேவை கட்டாயம். அவனோ நிரந்தரவாசத்தை விட்டுவிட்டுக் கோவையில் படிக்க வருகிறேன் என்கிறான். இது கோழைத்தனம் இல்லையா? இளைஞர்கள் ஏன் இப்படி ஓடி ஒளிகிறார்கள்? நம் நாட்டிலும் ராணுவ சேவையைக் கட்டாயமாக்கினால்தான் பையன்களுக்கு ஒழுக்கம் வரும் என்பது என் கருத்து.

அன்புள்ள ஐயா,

உங்கள் மருமகன் விஷயம் சிக்கலானதல்ல. வேலைத் திறனுக்காக நிரந்தரவாசம் பெற்ற தந்தைக்கு அந்தச் சேவை இல்லை, மகனுக்கு உண்டு. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர் தந்தை, துப்பாக்கி தூக்க வேண்டியவன் பிள்ளை. சேவை செய்யாமல் விலகினால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராக நிற்கும். அதை விளக்கிச் சொல்லிவிட்டு முடிவை அவனிடம் விடுங்கள்.

ஆனால் 'ஒழுக்கம்' என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. 30 ஆண்டு பாடம் நடத்தியும் பையன்கள் திருந்தவில்லை என்றால், மிச்சத்தை சுபேதார் பார்த்துக்கொள்வாரா? ராணுவம் நாட்டைக் காக்க இருக்கிறது. நம் பிள்ளைகளோடு பேசத் தெரியாத குறையை அதன் தலையில் கட்டாதீர்கள்.

ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்பதற்கு முன், யாரால் ஓட முடிகிறது என்று பாருங்கள். வியட்நாம் போரின்போது அமெரிக்காவில் கல்லூரி மாணவனுக்கு ஒத்திவைப்பு கிடைத்தது. கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாதவன் போர்முனைக்குப் போனான். தென்கொரியாவில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கு முழுநேரச் சேவையிலிருந்து விலக்கு உண்டு. கடையில் மூட்டை தூக்குகிறவனுக்கு எது பதக்கம்? சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்கிறார்கள். வழி தெரிந்தவன் வீட்டில் மட்டும் அது வாசலோடு நின்றுவிடுகிறது. அதைக் கண்ணால் பார்த்த பையன், தானும் ஒரு வழி தேடுகிறான். அதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இருப்பது நீலகிரியில், குன்னூர் பக்கம் அருவங்காடு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் கூப்பிடு தூரம். எங்கள் பகுதியில் ஒரு பையன் விடியற்காலையில் மேட்டுச் சாலையில் ஓடுவான். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால்தான் ஆள்சேர்ப்பில் முழு மதிப்பெண். கொழுந்து பறிக்கப் புறப்பட்ட அவன் அம்மா, கூடையைச் சாலையோரம் இறக்கிவைத்துவிட்டு செல்போனில் நேரம் பார்ப்பார். பத்து விநாடி கூடிவிட்டது என்று அவர் சொன்னால், மூச்சு வாங்கிக்கொண்டே கீழே இறங்கி மறுபடி தொடங்குவான். கொரோனாவில் ஆள்சேர்ப்பு முகாம்கள் நின்றபோதும் அவன் நிறுத்தவில்லை. அவனைப் போன்றவர்களுக்கு வயது வரம்பு கடந்துகொண்டிருந்தது. 2022-இல் ராணுவத்துக்குக் குறுகிய காலத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. அந்த ஓராண்டுக்கு மட்டும் வரம்பை 23 ஆக்கினார்கள். அவன் தேர்வானான். ஆனால் 4 ஆண்டுதான். நூற்றுக்கு 25 பேர் வரைதான் அதன்பிறகும் நீடிக்க முடியும். மற்றவர்கள் ஒரு தொகையோடு வீடு திரும்ப வேண்டும்.

யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, ஐயா. பசுந்தேயிலை விலையும், மலையில் வேறு வேலை இல்லாததும் போதுமானதாக இருந்தன. நாட்டின் மேல் அவனுக்குப் பற்று இல்லையென்று சொல்லவில்லை, நிறையவே உண்டு. ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுப் பையன்கள் அந்த மேட்டில் ஓடி நான் பார்த்ததில்லை.

உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், கட்டாய சேவை வேண்டும் என்று அடுத்த முறை சொல்லும்போது முதல் பெயராக அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்களிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் பட்டாளத்துக்குப் போயிருப்பார்கள். அவர்களில் யார் யார் திரும்பி வந்தார்கள், வந்தவர்களுக்கு இந்த மலையில் என்ன வேலை கிடைத்தது என்று விசாரித்து எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் வெளியிடுகிறேன்.