மென்பொருளை நீக்கியாச்சு, அது ரெஜிஸ்ட்ரியில் எழுதியது?

கேள்வி: இலவச பிடிஎஃப் கன்வெர்ட்டர் ஒன்றை இன்ஸ்டால் செய்தேன். அதிலிருந்து குரோமில் நான் போடாத ஒரு எக்ஸ்டென்ஷன் உட்கார்ந்திருக்கிறது, நீக்கவே முடியவில்லை. மெனுவில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வேறு வருகிறது. இது என் சொந்த கம்ப்யூட்டர்! கன்வெர்ட்டரை அன்இன்ஸ்டால் செய்தும் பலனில்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர் போடலாமா?

பதில்: கிளீனர் வேண்டவே வேண்டாம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் செட்டிங்குகளை எழுதிவைக்கும் இடம், அதைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் அந்த வகை மென்பொருள்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. அது தேவையான எதையாவது அழித்துவிட்டால் விண்டோஸையே மறுபடி போட வேண்டி வரும்.

இன்ஸ்டால் செய்யும்போது மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும், நாமும் 'ஆம்' தட்டிவிடுவோம். அந்த ஒரு 'ஆம்' போதும், இன்ஸ்டாலருக்கு அட்மின் உரிமை கிடைத்துவிடும். அப்புறம் அது ரெஜிஸ்ட்ரியில் தனக்குரிய இடத்தில் மட்டும்தான் எழுதுகிறதா, இல்லை பிரவுசரின் செட்டிங்கிலும் கை வைக்கிறதா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை. அன்இன்ஸ்டாலரை எழுதியவர்களும் அதே ஆட்கள்தான், அவர்கள் சொன்னதை மட்டும்தான் அது நீக்கும். இது பயனாளருக்குச் செய்யும் துரோகம் என்றே சொல்வேன்.

உங்கள் விஷயத்தில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். அலுவலகங்கள் ஊழியர்களின் கம்ப்யூட்டர்களில் சில எக்ஸ்டென்ஷன்களைக் கட்டாயமாக்க 'பாலிசி' என்ற வசதி குரோமில் இருக்கிறது, அதைத்தான் இன்ஸ்டாலர் பயன்படுத்திக்கொண்டிருக்கும். முகவரிப் பட்டையில் குரோம்://பாலிசி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்ற வரியும், எதிரே 32 எழுத்து கொண்ட, அர்த்தமே இல்லாத ஒரு அடையாளமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ரெஜிஸ்ட்ரியைத் திருத்த விண்டோஸிலேயே இருக்கும் ரெஜ்எடிட்டைத் திறந்து ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று உள்ளே போனால் அதே பெயரில் ஃபோல்டர் போன்ற ஒரு கீ இருக்கும் (ஹெச்கீ கரன்ட் யூசரிலும் இதே வழியில் பார்த்துவிடுங்கள்). முதலில் அதை ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அந்த 32 எழுத்துள்ள பதிவை மட்டும் நீக்கிவிட்டு குரோமை மூடித் திறங்கள். சில ஆன்டிவைரஸ்களும் இங்கே எழுதுவதுண்டு, அதனால் மொத்த ஃபோல்டரையும் அழிக்காதீர்கள். மறுபடி முளைத்தால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் கன்வெர்ட்டர் விட்டுப்போன வேலை ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: இன்ஸ்டால் செய்வதற்கு முன் ரெஜிஸ்ட்ரி முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்தால், பிரச்னை வந்ததும் பழைய நிலைக்குப் போய்விடலாம்தானே?

பதில்: முடியாது. இம்போர்ட் செய்யும்போது மாறிய மதிப்புகள் பழையபடி ஆகும், சரி, ஆனால் இன்ஸ்டாலர் புதிதாகச் சேர்த்தவை அப்படியே இருக்கும், ஏனென்றால் அந்த ஃபைலில் இல்லாததை இம்போர்ட் அழிப்பதில்லை. அதற்கு, விண்டோஸை முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும் சிஸ்டம் ரீஸ்டோர்தான் சரி. பல கம்ப்யூட்டர்களில் அது அணைந்தே கிடக்கும், அதனால் முதலில் ஆன் செய்து, ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (திரும்பிப் போக வேண்டிய நிலையின் பதிவு) உருவாக்கிவிட்டு இன்ஸ்டாலரைத் தொடுங்கள்.