கராஜா, லேத் பட்டறையா? விசுவமடு அக்காவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அக்கா,

மகன் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தி, மெக்கானிக் ஆகப்போகிறேன் என்று நிற்கிறான். சித்தப்பாவோ லேத் (இரும்புத் துண்டைச் சுற்றவிட்டுக் கடைகிற மெசின்) பழகினால்தான் காசு என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எதில் காசு என்று இப்போது பார்க்க வேண்டாம். இரண்டும் இரும்போடு செய்கிற வேலைதான். ஆனால் அதற்கு வேண்டிய மனம் வேறு வேறு.

காலபோக உழவு நேரம் வயலுக்குள் ஒரு லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) டீசல் முடிந்து நின்றுவிட்டது என்று வையுங்கள். திரும்ப டீசல் ஊற்றினாலும் ஸ்டார்ட் வராது. குழாய்க்குள் காற்றுப் பிடித்திருக்கும். பழகின பெடியன் பம்பில் உள்ள நட்டை மெல்ல இளக்கி, நுரை அடங்கி டீசல் மட்டும் வரும்வரை பார்த்திருந்து இறுக்குவான். பழகாதவன் இன்ஜினைக் கழற்றத் தொடங்கிவிடுவான். வரம்பில் நின்று அவசரப்படுத்துகிற வயற்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டே காரணத்தைத் தேட வேண்டும். மெக்கானிக் வேலையில் பாதி அதுதான்.

லேத் பட்டறைக்குச் சாமான் வரும்போதே காரணம் தெரிந்திருக்கும். அங்கே எல்லாம் அளவு. 6205 பெயாரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீற்றர். அது இருக்கிற ஷாஃப்ட், அதாவது சுற்றுகிற தண்டு, தேய்ந்து 24.90 ஆகிவிட்டால் பெயாரிங் பிடிக்காமல் சுற்றும். வெல்டிங்கால் நிரப்பித் திரும்பக் கடைந்து 25க்குக் கொண்டுவர வேண்டும். கத்தியை 0.05 உள்ளே கொடுத்தால் விட்டத்தில் 0.10 குறையும், ஏனென்றால் உருளை சுற்றச் சுற்ற இரண்டு பக்கமும் வெட்டுப்படும். புதிதாகப் பழகுகிறவன் இதை மறந்தால் நிரப்பினது அத்தனையும் வீண். பேச்சுத்துணை குறைவு, ஒரே துண்டைப் பத்துத் தடவை அளக்க வேண்டும். அதில் சலிக்காத பிள்ளைக்கு இதைவிட நல்ல வேலை இல்லை என்பது என் எண்ணம்.

இனி வன்னியின் நிலைமை. மெக்கானிக் ஒரு ஸ்பானர் செட்டோடு வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம். உழவு இயந்திரம், வாட்டர் பம்ப், மோட்டார் சைக்கிள் இல்லாத ஊர் இங்கே இல்லை. முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்களின் அவுட்போட் மோட்டாரும் உண்டு. லேத்துக்கு மெசின் விலையே பெரிய முதல். பட்டறைகளும் பெரும்பாலும் கிளிநொச்சி, வவுனியா போன்ற நகரங்களில்தான். பெரிய தொழிற்சாலை வேலைக்குப் பியகம, கட்டுநாயக்கா பக்கம் போக வேண்டியிருக்கும். மகன் ஊரோடுதான் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், மெக்கானிக் படித்துக்கொண்டு அளவெடுக்கவும் அரம் பிடிக்கவும் ஒழுங்காகப் பழகட்டும் என்பேன். அவன் அளவில் ருசி கண்ட பிள்ளை என்றால், தூரத்தை நினைத்து மறிக்காதீர்கள்.

அவன் எந்தப் பக்கம் என்று அறிய, தெரிந்த ஒரு கராஜில் ஒரு கிழமையும் லேத் பட்டறையில் ஒரு கிழமையும் இருக்க விடுங்கள். பின்னேரம் சாப்பிடும்போது அவன் எதைப்பற்றிக் கதைக்கிறான் என்று கவனியுங்கள். அதைவிட நல்ல சோதனை என்னிடமும் இல்லை.

படிப்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் துறையும் இயந்திரத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டையும் நேரில் போய்ப் பாருங்கள். எங்கே சேர்த்தாலும் அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, முடிவில் என்.வீ.கியூ (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) எந்த மட்டம் கிடைக்கும் என்று காசு கட்டுவதற்கு முதல் கேளுங்கள். காணித்துண்டை ஈடு வைத்துக் காசு கட்டிய ஒரு தகப்பன், மகனின் சான்றிதழ் எங்கேயும் எடுபடவில்லை என்று என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதார். அதற்குப் பிறகு இதை யாருக்கும் சொல்லாமல் விடுவதில்லை. 4ஆம் மட்டம் கிடைத்தால் 5, 6 என்று டிப்ளோமாவுக்கும் வழி திறந்திருக்கும். கராஜிலேயே பழகினவர்கள்கூட நைட்டாவில் (அரசாங்கத்தின் தொழில் பயிலுனர் பயிற்சி அதிகார சபை) அனுபவத்தைக் காட்டிப் பரீட்சிக்கப்பட்டுச் சான்றிதழ் எடுக்கலாம்.

லேத் பட்டறைக்கு அனுப்பும் நாளில் முழுக்கைச் சட்டை போட விடாதீர்கள், கையுறையும் வேண்டாம். இரும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற சக் துணியைப் பிடித்தால் கையையும் இழுத்துவிடும். இரண்டு கிழமையும் முடிந்த பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூன்று பேருமாக இருந்து கதைப்போம்.