ஓட்டு கேட்டு வரும் தலைவரிடம் மக்கள் கேள்வி கேட்டால் ஏதாவது நடக்குமா?

தேர்தலுக்கு முன்னால் தலைவர்களிடமும் வேட்பாளர்களிடமும் நம் குறைகளைச் சொல்வதால், கேள்வி கேட்பதால் உண்மையிலேயே பயன் உண்டா, உங்கள் அனுபவம் என்ன என்பது கேள்வி.

நடக்கும் என்பதுதான் என் பதில். 2016-ல் கேட்டு ஏமாந்தேன். 2021-ல் கேட்டு, கேட்டதில் பெரும்பகுதியை வாங்கினோம். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் என் பிறந்த ஊர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். 1996 சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனு கொடுத்தார்கள். எங்கள் பெரியப்பாவும் கொடுத்தார். அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். கடைசியில் ஒரே தொகுதியில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துத்தான் கொடுக்க முடிந்தது. தமிழ்நாடு முழுக்க ஓட்டுப் போட்டு முடித்த பிறகும் எங்கள் தொகுதிக்குத் தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனது. வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை, அதாவது தங்கள் ஓட்டையே அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பாவிடம் அதைக் கேட்டபோது, "ஜெயிக்கறதுக்கா கண்ணு நின்னோம்? எங்க பேரைப் படிச்சாவது பாக்கட்டும்னு நின்னோம்" என்றார்.

பேரைப் படித்தார்கள். இந்தியா முழுக்கப் பத்திரிகைகளில் எங்கள் ஊர் வந்தது. பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்றத்துக்கு டெபாசிட்டை 5,000 ரூபாயாகவும் மக்களவைக்கு 10,000 ரூபாயாகவும் உயர்த்தினார்கள். சுயேச்சையாக நிற்க வேண்டுமென்றால் 10 பேர் முன்மொழிய வேண்டும் என்றும் வந்தது. விவசாயிகள் எழுப்பிய கேள்விக்கு முன்னால், இத்தனை பேர் நிற்க முடிகிறதே என்ற கேள்விக்கு வேகமாகப் பதில் கிடைத்துவிட்டது. இது எனக்கு ரொம்ப நாள் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. கவனத்தை இழுத்துவிட்டோம், ஆனால் யாரிடமும் ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை என்று இப்போது புரிகிறது.

கல்யாணமாகி வந்தது அதே மாவட்டத்தில் வேறு தொகுதி. இங்கே எங்கள் பிரச்சினை பஸ். ஈரோட்டிலிருந்து ஊருக்கு வரும் கடைசி டவுன் பஸ் மாலை 6.40-க்கு. முன்பு 8.10-க்கு ஒன்று இருந்தது, திடீரென்று நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் வருகிறவர்கள் மெயின் ரோட்டில் இறங்கி, வாய்க்கால் கரையோடு மூன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். விளக்கு கிடையாது. துணிக்கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கிற பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். இரண்டு வீட்டில் இதைக் காரணம் சொல்லியே பெண்ணை வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

2016-ல் ஒரு வேட்பாளர் திறந்த ஜீப்பில் வந்தார். ஆரத்தித் தட்டோடு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "எங்க ஊருக்கு என்னங்க செய்வீங்க?" என்று கேட்டேன். கை கூப்பினார். "எல்லாம் செஞ்சர்லாம்ங்கம்மா" என்றார். அதற்குள் மேளம் அடித்துவிட்டார்கள், ஜீப் நகர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் அவர் நின்றது நாலு நிமிஷம் இருக்கும். வீட்டுக்கு வந்து யோசித்தால், தப்பு என் கேள்வியில்தான் இருந்தது. "என்ன செய்வீர்கள்" என்று கேட்டால் "எல்லாம்" என்றுதான் பதில் வரும். பஸ் என்ற சொல்லையே நான் சொல்லவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 2019 மக்களவைத் தேர்தலில், தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியைப் பற்றிப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. அங்கேயும் மஞ்சள் விவசாயிகள், எங்கள் பெரியப்பா செய்த அதே வேலை. 178 விவசாயிகள் மனு கொடுத்து நிற்க, மொத்தம் 185 பேர் களத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவுப் பெட்டிகளை வரிசையாக இணைத்து வைத்து ஓட்டுப் போட்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். அவர்கள் கேட்டது வாயில் நிற்கிற மாதிரி இரண்டே இரண்டு: மஞ்சளுக்கு ஒரு தேசிய வாரியம் வேண்டும், கட்டுப்படியாகிற விலை வேண்டும். பா.ஜ.க. வேட்பாளர் அரவிந்த் தர்மபுரி, வாரியம் கொண்டுவருவேன் என்று முத்திரைத்தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அப்போதைய எம்.பி.யும் முதல்வர் சந்திரசேகர ராவின் மகளுமான கவிதா எழுபதாயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார்.

வாரியம் உடனே வந்துவிடவில்லை. முதலில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஒரு மண்டல அலுவலகத்தைத் திறந்து பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்கவில்லை. எழுதிக் கொடுத்த பத்திரத்தை எடுத்து எடுத்துக் காட்டிக் கேட்டார்கள். 2023 அக்டோபர் 1-ம் தேதி, அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மகபூப்நகர் கூட்டத்தில் பிரதமர் தேசிய மஞ்சள் வாரியத்தை அறிவித்தார். 2025 ஜனவரி 14, பொங்கலன்று, அது நிஜாமாபாத்தைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கப்பட்டது. கேட்டதிலிருந்து கிடைக்கும் வரை ஆறு வருஷம் ஆகிவிட்டது. விலைப் பிரச்சினை வாரியத்தோடு தீர்ந்துவிடவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் ஒரு தாள் கையில் இருந்ததால்தான் ஆறு வருஷமும் அந்தக் கேள்வியை யாராலும் புதைக்க முடியவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை இறக்கிய குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், அந்தச் செய்தி ஒவ்வொன்றையும் வெட்டி வைத்திருந்தேன்.

சரி, 2021-க்கு வருகிறேன். எங்கள் மகளிர் குழுவில் 14 பேர். பிப்ரவரியிலேயே உட்கார்ந்து பேசினோம். குடிநீர், ரேஷன் கடை, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாமே நியாயம். ஆனால் பத்துக் கோரிக்கை கொண்டுபோனால் வேட்பாளர் தனக்கு எது சுலபமோ அதைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார் என்று எதிர் வீட்டு அக்கா சொன்னார். அக்கா பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைதான், ஆனால் அன்றைக்கு எங்களில் தெளிவாகப் பேசியவர் அவர். பஸ் ஒன்றை மட்டும் எடுத்தோம். தடம் எண், பழைய நேரம், எப்போது நின்றது, எத்தனை பேர் நடந்து வருகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதினோம். 37 பேர்.

அப்புறம் எங்கே கேட்பது? ஜீப்பில் வரும்போது கேட்டுப் பயனில்லை என்பது தெரிந்ததுதான். ஊருக்குள் வேட்பாளர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பூத் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வீடு வந்து ஓட்டுக் கணக்கு எடுப்பார்கள். அவர்களிடம்தான் முதலில் சொன்னோம்: எங்கள் குழுவுக்குப் பத்து நிமிஷம் வேண்டும், மேளம் வேண்டாம், கோவில் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் தெரு, அடுத்த தெரு சேர்த்து எவ்வளவு ஓட்டு என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று கட்சிக்காரர்களிடமும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேட்பது என்று முடிவு செய்திருந்தோம். இது முக்கியம். ஒருவரிடம் மட்டும் கேட்டிருந்தால் நாங்கள் எதிர்க்கட்சி தூண்டிவிட்ட ஆட்கள் ஆகியிருப்போம்.

இரண்டு வேட்பாளர்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் வரவில்லை, அவருடைய ஒன்றியச் செயலாளர் வந்தார். கேள்வி இதுதான்: "8.10 பஸ்ஸை மறுபடி விடச் சொல்லி, நீங்கள் ஜெயித்தால் எத்தனை மாதத்துக்குள் போக்குவரத்துக் கழகத்திடம் எழுதிக் கொடுப்பீர்கள்?" பஸ் விடுவீர்களா என்று கேட்கவில்லை. பஸ் விடுவது எம்.எல்.ஏ. கையில் இல்லை. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் வருகிறதே என்றால், அதில் நிழற்குடை கட்டலாம், பஸ் ஓட்ட முடியாது. அவர் கையில் இருப்பது கடிதம் எழுதுவது, அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசுவது, சட்டமன்றத்தில் கேட்பது. அவரால் முடிகிறதை மட்டும் கேட்டால் தப்பிக்க வழி குறைகிறது.

முதலாமவர், "தேர்தல் நடத்தை விதி இருக்குதுங்க, இப்ப எந்த வாக்குறுதியும் குடுக்கக் கூடாது" என்றார். இதை நிறையப் பேர் நம்பிவிடுகிறார்கள். அந்த விதி தடுப்பது அரசாங்கத்தில் இருப்பவர்கள் புதிய திட்டமும் நிதியும் அறிவிப்பதை. ஜெயித்தால் இதற்காக நிற்பேன் என்று ஒரு வேட்பாளர் சொல்வதை அது தடுக்கவில்லை; தடுத்தால் தேர்தல் அறிக்கையே வெளியிட முடியாதே! என் மகள் அதை மரியாதையாகவே சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம்" என்றார். நோட்டில் எழுதி, கையெழுத்து கேட்டோம். போட்டார். இரண்டாமவர் கையெழுத்துப் போடவில்லை, வாயால் மூன்று மாதம் என்றார். அதையும் தேதியோடு அவர் எதிரிலேயே எழுதிக்கொண்டோம். ஒன்றியச் செயலாளர், தலைவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் வரவில்லை. யார் ஜெயித்தார் என்று இங்கே எழுத மாட்டேன். எந்தக் கட்சிக்கும் சாதகமாக இது படிக்கப்படுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஜெயித்தவர் முதல் நாலு மாதம் எங்களை மறந்துவிட்டார். மே மாதமே பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டது. அந்த நல்ல திட்டம் ராத்திரி வேலை முடிந்து வருகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எட்டவில்லை, பஸ்ஸே இல்லையே. அதை ஒரு வரியாகச் சேர்த்து, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட வைத்தோம். தீர்மானப் பதிவேட்டில் எழுதுகிற வரை நகராமல் பக்கத்திலேயே நின்றோம், ஏனென்றால் பேசியது எல்லாம் பதிவேட்டில் ஏறுவதில்லை. அந்த நகல், 37 பேர் பட்டியல், நோட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸ் மூன்றையும் எடுத்துக்கொண்டு எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம். நாலு தடவை போனோம். மூன்றாவது தடவை அவருடைய உதவியாளர் சலித்துக்கொண்டார், நாங்கள் சலித்துக்கொள்ளவில்லை. நாலாவது தடவை எம்.எல்.ஏ. எங்கள் எதிரிலேயே போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு போன் போட்டார். 2022 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், 8.10 பஸ் வந்தது. அன்றைக்கு இறங்கிய பிள்ளைகளைப் பார்க்க அக்கா ஸ்டாப்பில் நின்றிருந்தார். எனக்கு அந்த முகம் மறக்காது.

இதைப் படிப்பவர்களில் பெரிய தலைவர்களிடம் எப்படிக் கேட்பது என்று நினைப்பவர்கள் இருக்கலாம். அவர்களை நெருங்குவது கஷ்டம்தான், மேடைக்கும் நமக்கும் நடுவில் தடுப்புக் கட்டை இருக்கும். ஆனால் தலைவர்களும் இப்போது மனு வாங்கும் முறைக்கு வந்திருக்கிறார்கள். 2021 தேர்தலுக்கு முன் ஸ்டாலின் "உங்கள் தொகுதியில் ஸ்டாலின்" என்று ஊர் ஊராக மனு வாங்கி, பெட்டியில் பூட்டி, நூறு நாளில் தீர்ப்பதாகச் சொன்னார். ஆட்சிக்கு வந்ததும் அந்த மனுக்களுக்கு என்றே தனித் துறை வைத்தார்கள். எந்தக் கட்சி இப்படி வாங்கினாலும் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு நகலை வீட்டில் வையுங்கள், பதிவு எண் கொடுத்தால் பத்திரப்படுத்துங்கள். வேட்பாளரைச் சந்திக்கும் முன் அவருடைய பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் ஒரு தடவை படித்துவிடுங்கள். சொத்து, கடன், வழக்கு, அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி எல்லாம் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். எதிரில் உட்கார்ந்து பேசும்போது நமக்கு ஒரு தைரியம் வருகிறது.

எங்கள் ரெண்டு தெரு ஓட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களிடம் நான் மொடக்குறிச்சியைத்தான் சொல்வேன். 1996-ல் 1,032 பேரைத் தாண்டி ஜெயித்த அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், 2021-ல் அதே தொகுதியில் 281 ஓட்டில் தோற்றார். 281 ஓட்டு என்பது எங்கள் இரண்டு தெருவில் இருக்கிறது. ஓட்டு கேட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். நாமும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் குரல் நடுங்காது.

8.10 பஸ் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் வருவதில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு ஞாயிறு கிடையாது. அந்த நீள நோட்டில் அடுத்த பக்கத்தைத் திறந்து, ஞாயிறு ராத்திரி நடந்து வருகிறவர்களின் கணக்கை எடுக்க ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை 11 பேர்.