கிரியோல் மாட்டினங்களின் மரபணுப் பன்மை என்றால் என்ன? அதை ஏன் காக்க வேண்டும்?

ஓர் இனத்து மாடுகளின் நிறம், பால், நோய் தாங்கும் திறன் போன்றவற்றைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் எத்தனை விதமாக அமைந்துள்ளன என்பதே மரபணுப் பன்மை. 1493-இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில் கரீபியன் தீவுகளை அடைந்த மாடுகளின் வழியிலும், பின்னர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாட்டவர் கொண்டுவந்தவற்றின் வழியிலும் பிறந்து, ஐந்து நூற்றாண்டுகளாகக் கடும் வெயிலுக்கும் உண்ணித் தொல்லைக்கும் ஈடுகொடுத்துப் பழகியவையே லத்தீன் அமெரிக்காவின் கிரியோல் மாடுகள்.

கொலம்பியாவின் பிளாங்கோ ஒரேஹினேக்ரோ மாட்டுக்கு உடல் வெள்ளை, காது கறுப்பு; அந்த வெள்ளை முடியை விலக்கிப் பார்த்தால் அடியில் வெயிலைத் தாங்கும் கருந்தோல் தெரியும். வெனிசுவேலாவின் லிமோனேரோ மாட்டுக்கோ முடி மிகக் குட்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் உடல் எளிதில் சூடேறுவதில்லை. இந்த முடிக்குரிய மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே கன்றுக்குப் போதும்.

இருபதாம் நூற்றாண்டில் திமிலுள்ள செபு மாடுகளோடும் ஐரோப்பிய இனங்களோடும் தொடர்ந்து கலந்ததில் தூய கிரியோல் மந்தைகள் சுருங்கின. (பிரேசிலில் பெருகியுள்ள நெலோர் என்னும் செபு இனம் நம் ஓங்கோல் மாட்டின் வழிவந்தது.) மந்தை சிறுத்தால் உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை நடக்கிறது, அரிய மரபணுக்கள் தற்செயலாகவே அற்றுப்போகின்றன. அஞ்சறைப் பெட்டியில் மிளகும் சீரகமும் தீர்ந்து, கடையிலும் கிடைக்காமல் போனால், கடுகை மட்டும் வைத்து ரசம் வைக்க முடியாது, இதுவும் அப்படித்தான். ஆகவேதான் கொலம்பியா இம்மாடுகளை மந்தைகளாகவும் உறையவைத்த விந்தாகவும் பேணுகிறது.

மாடுகளின் எண்ணிக்கை கூடினாலே இனம் பிழைத்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஓரிரு காளைகளின் விந்தையே எங்கும் செலுத்தினால், ஆயிரம் கன்றுகள் பிறந்தாலும் அவற்றிற்பல ஒரே தகப்பனின் பிள்ளைகளாகவே இருக்கும்.