7 மாச லர்ச்சர் நாய்க்குட்டி திடீர்னு பயப்படுதுன்னு கேட்டீங்களே

சிஸ்டர், நீங்க எழுதுனத படிச்சதும் எங்க நாய்ப் பொண்ணு ஞாபகம்தான் வந்துச்சு, அவளும் லர்ச்சர்தான், அதாவது கிரேஹவுண்ட் மாதிரி வேகமா ஓடுற நாயோட வேற ஜாதி கலந்தது, இவ கிரேஹவுண்டும் கோலியும் கலந்தவ. நாலு மாசத்துல தெருவெல்லாம் ஜாலியா சுத்துன குட்டி இப்ப குப்பைத்தொட்டியப் பாத்து நடுங்குது, வீட்டுக்காரர் சத்தம் போட்டா நின்ன இடத்துலயே ஒண்ணுக்கு போயிடுதுன்னு சொல்றீங்க. நீங்க தப்பா வளக்கலைங்க. 8லேருந்து 11 வாரத்துல ஒரு பயக் கட்டம் வரும், அப்புறம் ஆறு மாசத்துக்கு மேல இன்னொண்ணு வரும், அதுதான் இது, பொறுமையா இருந்தா பெரும்பாலும் கடந்துடும்.

தொட்டிகிட்ட இழுத்துட்டு மட்டும் போகாதீங்க ப்ளீஸ். தூரத்துலயே நின்னு பாக்க விடுங்க, பாத்துட்டு உங்க பக்கம் திரும்புனா ஒரு துண்டு சிக்கன், கிளம்பணும்னு அது நெனச்சா கிளம்பிடுங்க, நாங்க ஒரே தொட்டிக்கு மூணு வாரம் இப்படி நின்னோம். ஒண்ணுக்கு போறது அடம் இல்ல, "என்ன ஒண்ணும் பண்ணாத"ன்னு கெஞ்சுறது, அதனால உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, சத்தம் வேணாம், மேல குனியாம பக்கவாட்டுல உக்காந்து அதுவா வரட்டும்னு விடச் சொல்லுங்க. சும்மா இருக்கும்போதும் ஒழுகுச்சுன்னா நாய் டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

காலர் மார்ட்டிங்கேல்தான் (இழுத்தா கொஞ்சமா இறுகுற மாதிரி காலர்) வாங்கணும், இதுங்களுக்கு தலை கழுத்தவிட ஒல்லி, பயந்து பின்னால இழுத்தா சாதா காலர் கழண்டுடும். ஆடு மேயிற பக்கம் லீஷ கழட்டவே கழட்டாதீங்க, இங்கிலாந்துல ஆட்ட துரத்துறதே 1953 சட்டப்படி குத்தம். நவம்பர் 5 பான்ஃபயர் நைட்டுக்கு இங்கிலாந்துல வெடிக்கிற பட்டாசுக்கு இருட்டுறதுக்கு முன்னாடியே வாக் முடிச்சுட்டு, கர்ட்டன் போட்டு டிவிய ஓட விடுங்க, பக்கத்துல வந்து ஒட்டிக்கிச்சுன்னா தாராளமா அணைச்சுக்குங்க.