ஆட்சி மாறினால் பொருளாதாரமும் மாறுமா?

அன்புள்ள ஐயா,

ஆட்சி கைமாறும் நேரத்தில் மக்களின் பொருளாதார நம்பிக்கையைக் காட்டும் கருத்துக்கணிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்கத் தேர்தல் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். ஏன்? பதில் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா?

ர.

அன்புள்ள ர.,

பொய் என்று சொல்லமாட்டேன். 2016 தேர்தலைப் பாருங்கள். வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது, பொருளாதாரம் முன்னேறுகிறது என்றவர்கள் குடியரசுக் கட்சிக்காரர்களில் 16 சதவீதம். அக்கட்சியின் ட்ரம்ப் வென்றதும் அது 49 ஆனது. ஜனநாயகக் கட்சிக்காரர்களிடம் 61 ஆக இருந்தது 46-க்கு இறங்கியது. இடையில் விலைவாசியோ வேலைவாய்ப்போ தலைகீழாகிவிடவில்லை. வேலையின்மை 5 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது. அதிபராகவும் ஒபாமாதான் இருந்தார். ட்ரம்ப் பதவியேற்றது 2017 ஜனவரி 20 அன்று.

வரி குறையும் என்று நம்பி அடுத்த வருடத்தைப் பற்றி ஒருவர் உற்சாகமாகப் பேசினால் அதில் நியாயம் உண்டு. ஆனால் இன்றைய நிலவரம் பற்றிய பதிலும் ஒரே வாரத்தில் புரண்டுவிடுகிறதே! கேட்பவர் பொருளாதாரத்தைப் பற்றிக் கேட்கிறார்; இவர் காதில் 'நம்ம ஆள் ஜெயித்தாரா?' என்றுதான் விழுகிறது.

தலைவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அரசின் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமே போலி என்று பிரசாரம் முழுக்கச் சொன்னவர் ட்ரம்ப். 2017 மார்ச்சில் நல்ல எண் வந்தது. முன்பு போலியாக இருந்திருக்கலாம், இப்போது உண்மைதான் என்று அதிபர் சொல்லச் சொன்னதாகச் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசர் அறிவித்தார். செய்தியாளர்கள் சிரித்துவிட்டார்கள். கணக்கெடுத்தது என்னவோ அதே தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம்தான்.

இந்த நம்பிக்கை செலவில் தெரிகிறதா? ஆதிஃப் மியான், அமீர் சூஃபி முதலிய பொருளியலாளர்கள் தேடிப் பார்த்தார்கள். ட்ரம்ப் ஆதரவு வட்டாரங்களில் நம்பிக்கை எகிறியது. செலவு அதற்கேற்பக் கூடியதற்குத் தடயமில்லை. (செலவிலும் ஓரளவு தெரிகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு.) பர்ஸைத் திறக்கும்போது கட்சி ஞாபகம் அவ்வளவாக வருவதில்லை போல.

மொத்தச் சராசரியில் ஒரு தரப்பின் ஏற்றமும் மறுதரப்பின் இறக்கமும் கழிந்துபோய், ஒன்றுமே நடக்காதது போலத் தெரியக்கூடும். அதனால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நுகர்வோர் நம்பிக்கைக் கருத்துக்கணிப்பு வந்தால், கட்சி சாராதவர்களின் பதிலைத்தான் முதலில் தேடுவேன். அவர்களிலும் பலர் உள்ளூர ஒரு பக்கம் சாய்ந்தவர்களே. ஆனாலும் தேர்தல் முடிந்த கையோடு குட்டிக்கரணம் போடுவதில்லை.