ஒரே கப்பல்ல அடுத்தடுத்து ரெண்டு குரூஸ் புக் பண்ணிருக்கோம், நடுவுல வர்ற அந்த நாள்ல என்னதான் நடக்கும்?

முதல் குரூஸ் முடியுற அன்னிக்கே ரெண்டாவது கிளம்புது, இறங்கணுமா, ரூமைக் காலி பண்ணணுமா, இல்ல பேசாம உள்ளயே இருக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நாங்க இது மாதிரி மூணு தடவை போயிருக்கோம், நானும் வீட்டுக்காரரும், அதுல ஒரு தடவை மாமியாரும் கூட. முதல் தடவை நானும் உங்கள மாதிரிதான் நெனச்சேன், நாமதான் எங்கயும் போகலையே, மத்தவங்க இறங்கி புது ஆளுங்க ஏறுற வரைக்கும் பால்கனில காலை நீட்டிட்டு உக்காந்திருக்கலாம்னு. அப்படியெல்லாம் விட மாட்டாங்க.

ஒண்ணே ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, மிச்சமெல்லாம் தானா புரிஞ்சிடும். கப்பல் கம்ப்யூட்டருக்கு நீங்க ஒரு ஆள் இல்ல, ரெண்டு ஆள். ஒருத்தர் காலைல கணக்க முடிச்சுட்டு இறங்கிப் போயிடறார், அதே பேர்ல இன்னொருத்தர் மத்தியானம் புதுசா வர்றார். இந்த ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியாது. அன்னிக்கு வர்ற குழப்பம் அத்தனையும் இதுலேர்ந்து வர்றதுதான்.

முதல் குரூஸ் முடிய ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும்போதே கேபினுக்கு ஒரு லெட்டர் வரும், சில கப்பல்ல ஆப்லயே வந்துடும். எத்தனை மணிக்கு எந்த லவுஞ்சுக்கு வரணும், என்ன எடுத்துட்டு வரணும்னு அதுல இருக்கும். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு அங்க இன் டிரான்ஸிட்னு பேரு, கெஸ்ட் சர்வீஸ்ல போய் நிக்கும்போது இந்த வார்த்தைய சொன்னா டக்குனு புரிஞ்சுப்பாங்க. கடைசி நாள் சாயங்காலம் வரைக்கும் லெட்டர் வரலன்னா நீங்களே போய் கேட்டுடுங்க, ரெண்டு குரூஸும் தனித்தனி புக்கிங் நம்பர்ல இருந்தா விட்டுப் போறது சகஜம்.

கப்பல் பெரும்பாலும் விடியக்காலையிலயே துறைமுகத்துல கட்டிடுவாங்க. ஏழு மணி வாக்குல ஜனங்க இறங்க ஆரம்பிச்சா, எல்லாரும் போய் முடிய ஒம்பதரை பத்து ஆகிடும். பெரிய கப்பல்னா எத்தனை பேருன்னு நெனைக்கிறீங்க, ஐகான் ஆஃப் தி சீஸ்னு 2024ல வந்த கப்பல்ல ரூமுக்கு ரெண்டு பேர்னு போட்டாலே 5,610 பேர், நெருக்கிப் போட்டா 7,600 பேர் வரைக்கும் ஏத்தலாம், அத்தனை பேரும் காலைல இறங்கி அதே அளவு கூட்டம் சாயங்காலத்துக்குள்ள ஏறி உக்காரணும். நடுவுல ரூம் அத்தனையும் சுத்தம் பண்ணணும், ஒரு வாரத்துக்கான சாப்பாட்டு சாமான் ஏத்தணும், குப்பைய இறக்கணும், எண்ணெய் போடணும். அதனால அன்னிக்கு கப்பல்ல யாரும் உங்கள கண்டுக்கலன்னா கோவிச்சுக்காதீங்க, அரக்கப்பரக்க ஓடிட்டு இருப்பாங்க.

இறங்கணுமாங்கிறது துறைமுகத்தப் பொறுத்தது. அமெரிக்கத் துறைமுகம்னா பொதுவா இறங்கித்தான் ஆகணும். பழைய பயணிங்க கணக்கு பூஜ்யத்துக்கு வந்தாத்தான் புது ஆளுங்கள ஏத்துவாங்க, அந்தப் பூஜ்யத்துல நீங்களும் அடக்கம். லவுஞ்ச்ல கூப்பிட்டு வெச்சு, கும்பலா கூட்டிட்டுப் போயி, பாஸ்போர்ட்டும் முகமும் பார்த்துட்டு, டெர்மினல்ல ஒரு ஓரமா உக்கார வெச்சிடுவாங்க. கடைசி ஆள் இறங்கிட்டார்னு தகவல் வந்ததும் முதல்ல நம்மளத்தான் ஏத்துவாங்க. நல்ல நாளா இருந்தா இருபது நிமிஷத்துல முடியும், இல்லன்னா ஒரு மணி நேரம் ஒண்ணரை மணி நேரம்கூட ஆகும், ஏன்னா எவராவது ஒருத்தர் ரூம்ல தூங்கிட்டு இருப்பார், மைக்ல அவர் பேர திரும்பத் திரும்பக் கூப்பிட்டுட்டே இருப்பாங்க, நாங்க ஐம்பது பேரு வெளிய உக்காந்து அந்த மனுஷன் பேர மனப்பாடம் பண்ணிருக்கோம். ஐரோப்பாவுல பல துறைமுகங்கள்ல இந்தக் கூத்து கிடையாது, ரூம் சாவியாவும் அடையாளமாவும் இருக்கிற கப்பல் கார்ட புதுசா வாங்கிட்டு உள்ளயே இருந்துக்கலாம். மாமியார் வந்தப்போ வீல்சேர் வேணும்னு முந்தின நாளே சொல்லி வெச்சிருந்தோம், ஆள் வந்து தள்ளிட்டுப் போயி திரும்பக் கொண்டாந்து விட்டாங்க, அதனால பெரியவங்க இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, அன்னிக்குக் காலைல போய் கேட்டா வீல்சேர் எல்லாம் இறங்குறவங்களுக்கே பத்தாது.

வெளிய போறப்ப கையில பாஸ்போர்ட், விசா பேப்பர், பழைய கார்டு, புது கார்டு, மாத்திரை, ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும், டெர்மினல்ல ஏசி நடுங்க வைக்கும். ஊர் சுத்திப் பாக்கணும்னா அதுவும் பண்ணலாம், ஆனா முன்னாடியே சொல்லிட்டுப் போங்க, திரும்பி வரும்போது புதுசா ஏறுறவங்க லைன்ல போய் நிக்காம இன் டிரான்ஸிட் கார்ட காட்டுங்க, வேற வழியா விட்டுடுவாங்க, செக்யூரிட்டி ஸ்கேன் மட்டும் எல்லாருக்கும் உண்டு.

ரூம் விஷயம். ரெண்டு குரூஸுக்கும் ஒரே கேபின்னா ஒரு துணியக்கூட மடிக்க வேண்டாம், அப்படியே போட்டுட்டு போகலாம், ரூமைப் பாத்துக்கிற ஊழியர், அதான் ஸ்டூவர்ட், அவர்கிட்ட மட்டும் நாங்க தொடர்றோம்னு ஒரு வார்த்தை. கேபின் மாறுதுன்னா ஹேங்கர்ல தொங்குறத ஹேங்கரோட தூக்கிட்டுப் போயிடுவாங்க, மிச்சத்த பெட்டியில போட்டு மூடி புது ரூம் நம்பர் எழுதின டேக் மாட்டி வெச்சுடணும். புது ரூம் கைக்கு வர மத்தியானம் ஒரு மணி ஆகலாம். நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன், எல்லாத்தையும் எடுத்துட்டு லாக்கர மறந்துட்டேன், உள்ள என் வளையலும் கொஞ்சம் பணமும். ஞாபகம் வந்து ஓடினா பழைய கார்டு கதவத் திறக்கல, ஏன்னா அந்த ‘நான்’ காலைலயே இறங்கிப் போயாச்சு! அப்புறம் ஸ்டூவர்ட் வந்து, செக்யூரிட்டி வந்து, அந்த ரூமுக்கு வரவேண்டிய புது ஆளுங்க ஏறுறதுக்குள்ள எடுத்துக் குடுத்தாங்க, அந்த அரை மணி நேரம் எனக்கு உயிரே இல்ல.

காசு கணக்கும் இதே கதைதான். முதல் குரூஸ் பில்ல அன்னிக்கே மூடிடுவாங்க, ரெண்டாவதுக்கு பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கும், கிரெடிட் கார்டு விவரம் புது கணக்குலயும் ஏறியிருக்கான்னு பாத்துக்கோங்க. ஆன்லைன் செக்-இன்னும் ரெண்டு தடவை பண்ணணும், அத வீட்லயே முடிச்சுட்டு கிளம்பறது நல்லது. முக்கியமா, முதல் குரூஸுக்குன்னு குடுத்த ஆன்போர்டு கிரெடிட்ல, அதாவது கப்பலுக்குள்ள செலவு பண்ண அவங்களே தர்ற காசுல, ரொக்கமா திருப்பித் தராத வகை இருந்தா அது முதல் குரூஸோட கடைசி ராத்திரியோட காலி, அடுத்ததுக்கு வராது. எங்களுக்கு ஒரு தடவை அப்படிப் போச்சு, வீட்டுக்காரர் இன்னும் அத சொல்லிக் காட்டிட்டுதான் இருக்கார். டிரிங்க்ஸ் பேக்கேஜ், வைஃபை பேக்கேஜ் எல்லாம் ஒவ்வொரு குரூஸுக்கும் தனித்தனி, நடுவுல சில மணி நேரம் ரெண்டுமே இல்லாம கிடப்பீங்க, முக்கியமான மெசேஜ் அனுப்பணும்னா துறைமுகத்துல போன் சிக்னல் கிடைக்கும்போதே அனுப்பிடுங்க.

இத்தனைக்கும் நடுவுல ஒரு சுகம் இருக்கு. திரும்ப ஏறினதும் கொஞ்ச நேரம் கப்பல்ல ஈ காக்கா இருக்காது. லிஃப்ட் உடனே வரும், எந்தச் சேர்ல வேணா உக்காரலாம், போட்டோ எடுக்கணும்னா அப்பத்தான் எடுக்கணும். கடையும் கசினோவும் கடலுக்குப் போற வரைக்கும் மூடித்தான் இருக்கும், நீச்சல் குளத்துல சில நேரம் வலை போட்டு வெச்சிருப்பாங்க, ஊழியர் பயிற்சிக்காக திடீர்னு அலாரம் அடிக்கும், பயந்துடாதீங்க. சில கப்பல்ல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு மட்டும் தனியா மத்தியானச் சாப்பாடு வெப்பாங்க, இல்லன்னா புது ஆளுங்க ஏற ஆரம்பிச்சதும் பஃபே திறந்துடும், முதல் தட்டு உங்களுதுதான்.

அப்புறம் மஸ்டர் ட்ரில், அதாவது அவசரம்னா எங்க போய் நிக்கணும்ங்கிற பயிற்சி. போன வாரம்தானே பண்ணோம்னு சொன்னா பெரும்பாலும் செல்லாது, திரும்பப் பண்ணச் சொல்வாங்க. கோஸ்டா கான்கோர்டியா 2012 ஜனவரி 13 ராத்திரி பாறைல மோதி 32 பேர் செத்தாங்களே, அன்னிக்கு சாயங்காலம் புதுசா ஏறின பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சி நடக்கவே இல்ல, ஏன்னா ஏறி 24 மணி நேரத்துக்குள்ள நடத்தினா போதும்னுதான் அப்போ விதி இருந்துச்சு. 2015லேர்ந்து கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தணும்னு மாத்திட்டாங்க. இப்ப நெறைய கப்பல்ல போன்லயே வீடியோ பாத்துட்டு, கூடுற இடத்துக்குப் போயி கார்ட ஸ்கேன் பண்ணா முடிஞ்சுது, அஞ்சு நிமிஷ வேலை, முனகாம செஞ்சுடுங்க.

இன்னும் புக் பண்ணாதவங்க யாராவது இத படிச்சா ரெண்டு விஷயம். கப்பல் ஒரு நாட்ட விட்டு வெளிய போய் திரும்ப வருதுன்னா ஒரு தடவை நுழையுற விசா பத்தாது, பல தடவை நுழையுற விசாதான் வேணும். இன்னொண்ணு, அமெரிக்காவுல 1886லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, வெளிநாட்டுக் கொடி கட்டின கப்பல் அந்த நாட்டோட ஒரு துறைமுகத்துல ஏத்தின ஆள இன்னொரு துறைமுகத்துல இறக்கக் கூடாது, நடுவுல தூர தேசத்துத் துறைமுகம் ஒண்ணுக்குப் போயிருந்தாதான் ஆச்சு. லாஸ் ஏஞ்சல்ஸ்லேர்ந்து வான்கூவர் ஒரு குரூஸ், அங்கேர்ந்து அதே கப்பல்ல அமெரிக்காவோட அலாஸ்கால இருக்கிற சீவர்டு இன்னொரு குரூஸ்னு எடுத்தா தனித்தனியா ரெண்டும் சரி, சேர்த்தா தப்பு, வான்கூவர் கனடாவுல இருந்தாலும் அந்தச் சட்டப்படி தூர தேசக் கணக்குல வராது. வேடிக்கை என்னன்னா, எல்லாத்துலயும் உங்கள ரெண்டு ஆளா பாக்குற கப்பல், இந்த ஒரு இடத்துல மட்டும் ஒரே ஆள்னு கண்டுபிடிச்சுடும்.

துணி துவைக்கக் குடுக்கணும்னா கடைசி ரெண்டு நாளுக்கு முன்னாடியே குடுங்க, அப்புறம் வாங்க மாட்டாங்க. ரெண்டு குரூஸும் ஒரே நீளம்னா ராத்திரி மெனுவும் ஷோவும் அப்படியே திரும்ப வரும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. டேபிள் நம்பர் மாறியிருக்கும், பழைய வெயிட்டர்தான் வேணும்னா மத்தியானமே போய் கேளுங்க, கூட்டம் ஏறினப்புறம் நடக்காது.

வேலை ஒப்பந்தம் முடிஞ்ச ஊழியர்களும் பெரும்பாலும் அன்னிக்குத்தான் இறங்குவாங்க. எங்க ஸ்டூவர்ட் பையன் மாமியார்கிட்ட அவ்ளோ பாசமா இருந்தான், ரெண்டாவது வாரம் முடிஞ்சு குடுத்துக்கலாம்னு அவங்க ஒரு கவர்ல பணம் எடுத்து வெச்சிருந்தாங்க, மத்தியானம் ரூமுக்குப் போனா வேற ஆள் நிக்கிறார், அந்தப் பையன் காலைலயே ஊருக்குக் கிளம்பிட்டானாம். யாருக்காவது தனியா ஏதாவது குடுக்கணும்னு நெனச்சா முதல் குரூஸோட கடைசி ராத்திரியே கையில குடுத்துடுங்க.